படகின் மேல் ஒரு குளம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் கடற்கரை ஊர்ப் பக்கம் போனால், மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகளைக் காணலாம். பலவற்றின் மேல் நீல நிறத் தார்ப்பாய் போர்த்திக் கட்டப்பட்டிருக்கும். மழை விட்ட பின் சற்று அருகில் சென்று பாருங்கள். சில படகுகளின் போர்வை மேல் ஒரு சிறு குளமே நிற்கும். படகுக்குள் நீர் புகாமல் இருக்கவே தார்ப்பாய் போட்டார்கள். அது கிழிந்தால் அத்தனை நீரும் ஒரே வீச்சில் உள்ளே இறங்கிவிடும்.

அந்த நீரின் எடை எவ்வளவு இருக்கும்? ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள தார்ப்பாயின் பரப்பு 16 சதுர மீட்டர். 5 செ.மீ. மழையில் அதன் மேல் விழுவது 800 கிலோ நீர்! 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது. அந்த மழையில் இதே தார்ப்பாய் மேல் விழுந்திருக்கக்கூடியது 15 டன்னுக்கும் அதிகம். இதைத் தாங்க எந்தப் பாயாலும் முடியாது. விழும் நீரை விழுந்தவுடன் வழித்து அனுப்புவதே வழி.

"இறுக்கிக் கட்டினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். போதாது. கொடிக்கயிற்றில் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் கயிறு சற்றேனும் தொய்யும். தொய்வு குறையக் குறையக் கயிற்றின் இழுவிசை ஏறும். தார்ப்பாயிலும் இதே கதைதான். 2 மீட்டர் இடைவெளியில் கட்டிய, ஒரு மீட்டர் அகலப் பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் பரவி நின்றால் எடை 20 கிலோதான். ஆனால் நடுவில் 5 செ.மீ. தொய்வு இருந்தால், பட்டையை இழுக்கும் விசை சுமார் 100 கிலோ எடைக்குச் சமம். தொய்வை 2.5 செ.மீ. ஆகக் குறைத்தால் அது 200 கிலோ! பாயின் ஓரத்திலுள்ள கண்கள் பிய்ந்து வருவதில் வியப்பென்ன?

இதில் ஒரு விஷச் சுழலும் உண்டு. சிறு பள்ளத்தில் சிறிது நீர் தேங்குகிறது. அதன் எடையால் பள்ளம் ஆழமாகிறது. ஆழமான பள்ளத்துக்கு மேலும் நீர் வருகிறது. பொறியாளர்களுக்கு இது பழைய எதிரி. அமெரிக்காவில் கன்சாஸ் நகரத்துக் கெம்பர் அரங்கம் 1974-இல் திறக்கப்பட்டது. 1979 ஜூன் 4 அன்று பெருமழையிலும் காற்றிலும் அதன் தட்டையான கூரை இடிந்து வீழ்ந்தது. கூரையில் தேங்கிய நீரும், கூரையைத் தாங்கிய மரையாணிகள் தளர்ந்திருந்ததும் காரணங்களில் சேர்ந்தவை. எஃகுக் கூரைக்கே இந்த நிலை என்றால் பிளாஸ்டிக் பாய் எம்மாத்திரம்!

ஆகவே சரிவு வேண்டும். எவ்வளவு சரிவு? இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பாயின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள உயர வேறுபாடு, நடுவில் விழும் தொய்வைப் போல் நான்கு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், கீழ் விளிம்பை நெருங்கும் இடத்தில் பாய் மேல்நோக்கி வளைந்துவிடும். நீர் அங்கே மாட்டிக்கொள்ளும். உயர வேறுபாடு 20 செ.மீ. என்றால் 5 செ.மீ. தொய்வு வரைதான் தாங்கும். கயிறு சற்றுத் தளர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். 60 செ.மீ. வைத்தால் 15 செ.மீ. தொய்வு வரை கவலையில்லை.

படகின் நடுவில் ஒரே ஒரு கம்பை நட்டு, அதன் மேல் பாயைப் போடுவோர் உண்டு. அந்த இடம் கோபுரம் போல் உயரும். இரு பக்கமும் பள்ளம் விழும். ஒரு குளம் இரண்டாகும், அவ்வளவுதான். கம்பின் முனையும் பாயைக் குத்திக் கிழிக்கும். வீட்டுக் கூரைக்கு முகட்டு வளை இருப்பது போல, அணியத்திலிருந்து பின்புறம் வரை நீளவாக்கில் ஒரு மூங்கிலைக் கிடத்துவதே முறை. இரு கோடியிலும் நடுவிலும் கவட்டைக் கம்பால் தாங்குங்கள். மூங்கிலின் கணுக்களைச் செதுக்கி, பழைய டயர் டியூபைச் சுற்றிவிடுங்கள். கூண்டு வண்டியில் வளைப்பது போல, பிளந்த மூங்கில் வரிச்சுகளை ஆங்காங்கே குறுக்கே வளைத்துவிட்டால் தொய்வு குறையும்.

கயிறும் கவனிக்க வேண்டியதே. தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும்; நைலான் கயிறு நனைந்தால் சற்று நீளும். இரண்டாலும் தொல்லை. பாயின் ஓரத்துக் கண்களில் மணல் நிரப்பிய சிறு பைகளைத் தொங்கவிட்டால், கயிறு நீண்டாலும் சுருங்கினாலும் இழுவிசை மாறாது. காற்று பலமான இடத்தில் பைகளோடு கட்டுக் கயிறும் தேவைப்படும்.

முன்னும் பின்னும் கொஞ்சம் திறப்பு விடுங்கள். முழுக்க மூடினால் உள்ளே புழுக்கம் தங்கி, மரப்பாகங்கள் உளுத்துப் போகும். அணியத்தைச் சற்று உயர்த்தி வைத்து, பின்புற நீர்த்துளையின் அடைப்பைக் கழற்றிவிட்டால், தப்பித் தவறி உள்ளே புகும் நீரும் வெளியேறும். படகு கடலில் இருக்கும்போது அதன் அடிப்பாகம் முழுவதையும் நீர் தாங்குகிறது. கரையில் ஓரிரு கட்டைகள்தாம் தாங்குகின்றன. உள்ளே சில நூறு லிட்டர் நின்றால் ஓடு விரிசல் காணலாம்.

தேங்கிய நீருக்கு வேறொரு வாடிக்கையாளரும் உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த மழைநீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்.

வீட்டிலேயே சோதிக்க விரும்பினால், அகன்ற அண்டாவின் வாயில் பாலிதீன் தாளை இழுத்துக் கட்டி, ஒரு டம்ளர் நீரை ஊற்றுங்கள். பள்ளம் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். பிறகு நீரைக் கொட்டிவிட்டு, அண்டாவின் விளிம்பில் இருபுறமும் கல் வைத்து உயர்த்திய ஒரு குச்சியைத் தாளுக்கு அடியில் குறுக்கே கொடுத்து, மறுபடியும் ஊற்றுங்கள். கல்லின் உயரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால், எந்த உயரத்தில் விளிம்போரம் முதல் துளி தங்குகிறது என்பதை நீங்களே அளந்துவிடலாம்.