ஆயத்த மின்பாடங்களும் கல்லூரித் தமிழ்க் கல்வியும்: எல்லையோர மாணவரை முன்வைத்து

1. முன்னுரை

பதிப்பகங்களும் கல்வி நிறுவனங்களும் முன்னரே உருவாக்கிவைத்துள்ள மின்பாடங்களைக் கல்லூரிகள் தம் இணையவழிப் பாடங்களோடு இணைத்துக்கொள்ளும் வழக்கம் இன்று பரவியுள்ளது. பாட உரை, காணொளி, பயிற்சி வினா, தானியங்கி மதிப்பீடு ஆகியவற்றை ஒருங்கே கொண்ட தொகுப்பு இக்கட்டுரையில் ஆயத்த மின்பாடம் எனக் குறிக்கப்பெறுகிறது. இதனை இணைக்கும்போது எவற்றைப் பிறரிடம் விடலாம், எவற்றை ஆசிரியர் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வரதய்யபாளையத்தை ஒட்டிய எல்லைப் பகுதியில் தமிழ் பயிலும் மாணவரின் தேவை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

2. எல்லைப் பகுதியின் மொழிச்சூழல்

சித்தூர் மாவட்டத்தில் இருந்த வரதய்யபாளையம், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. அண்டையிலுள்ள சத்தியவேடு பகுதியின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்துப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்தோடு சேர்ந்தன. எல்லை மாறினும் வீட்டுமொழி மாறவில்லை. வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு எழுதிப் பழகிய மாணவர் இத்தகைய பகுதிகளில் உருவாதல் இயல்பே. இவர் தமிழைப் புதிதாகக் கற்பவரும் அல்லர். தமிழ்நாட்டுப் பாடநூல் எதிர்பார்க்கும் எழுத்துப் பயிற்சி பெற்றவரும் அல்லர்.

3. ஆயத்த மின்பாட வகைகள்

இவற்றை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, வணிகப் பதிப்பகங்களின் தொகுப்பு. பியர்சனின் 'மைலேப்', மெக்ராஹில்லின் 'கனெக்ட்' ஆகியன இவ்வகையின. மாணவர் நுழைவுக் குறியீட்டை விலைக்கு வாங்கிக் குறித்த காலம்வரை பயன்படுத்துவது இவற்றின் பொது முறை. காலம் முடிந்தபின் பாடம் மாணவர் கையில் இராது.

இரண்டாவது, நடுவண் அரசின் சுவயம் தளம். 2017இல் தொடங்கப்பெற்ற இத்தளத்தின் பாடங்கள் காணொளி, படிப்புரை, தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என நான்கு கூறுகளைக் கொண்டவை. ஒரு பருவத்துப் பாடங்களில் 20 விழுக்காடு வரை இவற்றின் வழி முடிக்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதி இசைந்தது. 2021ஆம் ஆண்டு விதி அதனை 40 விழுக்காடாக உயர்த்தியது. பாடத்தை வழங்கும் நிறுவனமே மதிப்பீடும் செய்யும். மாணவரின் கல்லூரி அம்மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், உலகெங்கும் வாழும் தமிழரைக் கருத்திற்கொண்டு சான்றிதழ் நிலை முதல் பட்ட நிலை வரை பாடங்களை அமைத்தது. பட்ட நிலைப் பாடத்தின் தொடக்கத்தில் அப்பாடம் கூறுவதும் பயில்வதன் பயனும் சுட்டப்படும். இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்களும் இறுதியில் தொகுப்புரையும் அமையும். அருகில் ஆசிரியர் இல்லாதவர்க்கு ஏற்ற அமைப்பு இது.

4. இணைப்பு முறைகள்

இணைப்பு மூன்று வகையில் நிகழ்கிறது. வெறும் இணைப்பு முகவரியைத் தருவது எளிய முறை. ஆயின், மாணவர் படித்தாரா என்பது ஆசிரியர்க்குத் தெரியவாராது. பாடத்தைப் பொதியாகக் கல்லூரியின் மூடுல் போன்ற தளத்தில் ஏற்றுவது இரண்டாவது முறை. ஸ்கார்ம் தரத்தில் அமைந்த பொதி, மாணவர் பாடத்தை முடித்தமை, பெற்ற மதிப்பெண், செலவிட்ட நேரம் ஆகியவற்றைத் தளத்திற்குத் தெரிவிக்கும். எல்.டி.ஐ. தரத்தின்வழித் தொடுப்பது மூன்றாவது முறை. இதில் பாடம் வழங்குவோரின் கணிப்பொறியிலேயே இருக்கும். மாணவரின் அடையாளம் அங்குச் செல்ல, மதிப்பெண் இங்குத் திரும்பும்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு தொழில்நுட்பத்தளவில் நிற்பதன்று. பொதி கல்லூரியிடம் தங்கும். தொடுப்பு ஒப்பந்தத்தோடு முடியும். தொடுப்பில் மாணவரின் தரவும் வெளிச்செல்கிறது. 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுதலின், முதலாண்டு மாணவர் பொருட்டுக் கல்லூரி இதனைக் கருதுதல் வேண்டும்.

5. ஆசிரியர் சேர்க்க வேண்டுவன

எல்லையோர மாணவர்க்கு ஆயத்த மின்பாடம் நிறைவு தராமைக்குக் காரணம் அதன் குறைபாடு அன்று. அது வேறொரு மாணவரை நோக்கி எழுதப்பட்டமையே. தெலுங்கில் ககர வரிசைக்கு ஒலிப்பும் மூச்சொலியும் பற்றி நான்கு எழுத்துகள் உள. தமிழில் ஓரெழுத்தே இடத்திற்கேற்ப ஒலி வேறுபடும். 'கடல்', 'அகம்' என்பவற்றின் ககரங்கள் வேறாக ஒலிப்பினும் ஓரெழுத்தால் எழுதப்படுவதைத் தெலுங்கு எழுதிப் பழகியவர்க்குத் தனியே விளக்க வேண்டும். இன்றைய தெலுங்கு எழுத்து வழக்கில் ழகரம் இல்லை. ந, ன வேறுபாடும் இல்லை.

புணர்ச்சியில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகிறது. தெலுங்குப் பள்ளி இலக்கணம் கற்பிக்கும் கசடதவாதேச சந்தியில், எழுவாய்ச் சொல்லை அடுத்துவரும் வல்லெழுத்து மென்மையாகத் திரியும். தமிழிலோ, 'நூலைப் படித்தான்', 'ஊருக்குப் போனான்' என இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகளின்பின் வல்லெழுத்து மிகும். மாணவர் அறிந்த தெலுங்கு விதியிலிருந்து தொடங்கி, ஒன்று திரிதலும் மற்றொன்று மிகுதலும் ஆதலைக் காட்டும் ஒரு பக்கக் குறிப்பு, முழுப் பாடத்தையும் திரும்ப எழுதுவதைவிடப் பயன் தரும்.

6. மதிப்பீட்டுச் சிக்கல்

தானியங்கி மதிப்பீடு தமிழுக்கு இருவகை இடர்களைத் தருகிறது. ஒன்று குறியீட்டைப் பற்றியது. ஒருங்குறியில் ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியீடாகவும், கொம்பும் காலுமாகிய இரு குறியீடுகளாகவும் பதியலாம். 'கொடி' என்பது திரையில் ஒன்றாகவே தோன்றினும் கணிப்பொறிக்கு இரு வேறு சரங்களாகும். இவற்றைச் சமப்படுத்தாத கருவி சரியான விடையைப் பிழையெனத் தள்ளும். 1999இல் தமிழக அரசு அறிவித்த தாப், தாம் குறியீடுகளில் அமைந்த பழைய பாடங்களை ஒருங்குறிக்கு மாற்றாது ஏற்றினால் எழுத்துகளே சிதையும்.

மற்றொன்று மொழியைப் பற்றியது. 'நூலை படித்தான்' என்று எழுதிய மாணவர் வேற்றுமையை அறிந்தவர். ஒற்று மிகுதலை மட்டும் அறியாதவர். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவிக்கு இவரும் ஒன்றும் எழுதாதவரும் ஒருவரே. ஆதலின், தானியங்கி வினாவைப் பயிற்சிக்குக் கொண்டு, தேர்ச்சியை முடிவுசெய்யும் விடைகளை ஆசிரியரே திருத்துதல் தக்கது.

7. உரிமைச் சிக்கல்

கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் நூற்பகுதிகளைப் படியெடுத்தல் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்குப் பெறுகிறது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் பதிப்பகங்கள் தில்லிப் பல்கலைக்கழகப் படிப்பகட்டுகள் குறித்துத் தொடுத்த வழக்கில், தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் இவ்விலக்கை விரிவாகப் பொருள்கொண்டது. எனினும் அவ்வழக்கு ஒளிநகல் பற்றியது. உரிம ஒப்பந்தத்தின்கீழ்ப் பெறும் மின்பாடத்தை அத்தீர்ப்பின் துணைகொண்டு தளத்தில் ஏற்றலாம் எனக் கருதுதல் பொருந்தாது. ஒப்பந்த வாசகத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: பாட உரை, காணொளி, பயிற்சி ஆகியவற்றைப் பிறரிடமிருந்து பெறுவதில் இழுக்கில்லை. பாட வரிசை, மாணவரின் மொழிப் பின்னணிக்கேற்ற விளக்கம், தேர்ச்சி முடிவு ஆகிய மூன்றும் ஆசிரியரிடமே இருத்தல் வேண்டும். கல்லூரியிடம் தங்கக்கூடிய பொதிவடிவப் பாடத்திற்கு முதலிடம் தருதல் நன்று. பாடம் எவரால் எழுதப்பட்டது என்பதைக் காட்டிலும், அது எம்மாணவர் கைக்குச் செல்கிறது என்பதை அறிந்து இணைத்தலே எல்லைப்புறத் தமிழ்க் கல்விக்கு ஆக்கம் தருவதாகும்.