தலையாட்டினால் சம்மதமா?

பல்கேரியத் தலைநகர் சோபியாவில் ஒரு கடைக்குப் போய்த் தயிர் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். கடைக்காரர் தலையை இடமும் வலமுமாக ஆட்டுகிறார். கிளம்பிவிடாதீர்கள், இருக்கிறது என்கிறார். முகவாயை மேலே தூக்கி இறக்கினால்தான் இல்லை.

1877-78இல் துருக்கியோடு போரிட பல்கேரியாவுக்குள் நுழைந்த ரஷ்யச் சிப்பாய்களை இந்தத் தலையாட்டல் படாதபாடு படுத்தியதாக மொழியியல் அறிஞர் ரோமன் யாக்கப்சன் எழுதியிருக்கிறார். ஊரோடு ஒத்துப்போவோம் என்று சிப்பாய்களும் பல்கேரியர் மாதிரியே ஆட்டத் தொடங்க, நிலைமை இன்னும் மோசமானது. 'இந்த ஆள் அவர் ஊர் வழக்கப்படி ஆட்டுகிறாரா, நம் ஊர் வழக்கப்படியா?' எதிரே நின்றவருக்கு அதுவே பெரிய குழப்பம். வெளிநாட்டவரோடு பழகிய பல்கேரியர்கள் சிலர் இன்று விருந்தாளிக்காக மாற்றி ஆட்டுகிறார்கள். அதே குழப்பம், திசைதான் வேறு.

துருக்கியர் கழுத்தில் கத்தி வைத்து மதம் மாறச் சொன்னபோது, மேலுக்குச் சம்மதம் மாதிரியும் உள்ளுக்குள் மறுப்பாகவும் தலையசைத்ததில் பிறந்த பழக்கம் இது என்று ஒரு கதை உண்டு. சினிமாவுக்குப் பொருந்தும், நான் நம்பவில்லை. முகவாயைத் தூக்கி மறுப்பது அந்தத் துருக்கியருக்கே உள்ள வழக்கம். கிரேக்கருக்கும் உண்டு, அதுவும் ஆதிகாலம் முதல். ஹோமரின் 'இலியட்' ஆறாம் காண்டத்தில் டிராய் நகரப் பெண்கள் அதீனாவிடம் மன்றாடும்போது, தேவி தலையை மேலே தூக்கித்தான் மறுக்கிறாள். இத்தாலியில் ரோமுக்கு வடக்கே உள்ளவர்கள் 'இல்லை' என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்ட, நேப்பிள்ஸ்காரர்கள் மேலே தூக்குகிறார்கள். நேப்பிள்ஸ் பழைய கிரேக்கக் குடியேற்றம். ஆட்சிகள் எத்தனையோ மாறியும் அந்தத் தலை மாறவில்லை.

பக்கவாட்டில் ஆட்டுவது இயற்கை என்பதற்கு டார்வின் 1872இல் ஒரு காரணம் சொன்னார்: வேண்டாத உணவைக் குழந்தை முகத்தைத் திருப்பித்தான் மறுக்கிறது. சோறு ஊட்டிய எந்தத் தாயும் ஒப்புக்கொள்வாள். ஆனால் பல நாட்டவரிடம் கேட்டுத் தகவல் திரட்டிய அவரே விதிவிலக்குகளையும் பதிவு செய்துவிட்டார்.

கிரேக்கர் தலையைத் தூக்கும்போது பல சமயம் நாக்கால் 'ச்' என்று ஒலி எழுப்புவார்கள். "சாப்பிட்டியா?" என்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் எழுப்பும் அதே 'ச்'. தொடர்பு இருப்பதாக நான் கதை கட்டப்போவதில்லை.

வெளிநாட்டவரைத் திணறடிப்பது இந்த 'ச்' அல்ல, தோளுக்குத் தோள் சாயும் நம் தலையாட்டல். சரி, புரிகிறது, கேட்டுக்கொண்டிருக்கிறேன், பார்க்கலாம் என எல்லாமே அதில் அடக்கம். இந்தத் தெளிவின்மையைக் குறை என்று நினைப்பவர்கள், கடன் கேட்டு வந்த மைத்துனர் முன்னால் உட்கார்ந்து பார்க்காதவர்கள். தலை இரண்டு பக்கமும் இதமாகச் சாயும்; காபி வரும்; நீங்கள் சம்மதித்ததாகவோ மறுத்ததாகவோ நாளைக்கு யாரும் சாட்சி சொல்ல முடியாது.