லிங்க் திறக்கிறது, விதி மாறிவிட்டது

2022இல் ஜாங்கோவின் டாக்குமென்டேஷனில் ஒரு திருத்தம் நடந்தது. புதிய வசதி எதுவும் அதில் இல்லை. 7231 என்ற எண் இருந்த இடத்தில் 9110 வந்தது, 2388 இருந்த இடத்தில் 7578 வந்தது. இப்படியே பக்கம் பக்கமாக எண்களை மாற்றும் வேலை. கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைதான் அந்த ஏட்டை நம்பத்தக்கதாக வைத்திருக்கிறது.

ஜாங்கோ, பைதான் மொழியில் வெப்சைட் கட்ட உதவும் வெப் ஃப்ரேம்வொர்க். லாகின், படிவம், தரவுத்தளம் என்று எல்லாத் தளத்துக்கும் தேவையானதை முன்கூட்டியே செய்துவைத்திருக்கும் அடித்தளம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இன்ஸ்டாகிராம் கட்டப்பட்டது இதன் மேல்தான்.

அந்த எண்கள் ஆர்.எஃப்.சி. எனப்படும் இணைய விதி ஆவணங்களின் எண்கள். 1969 முதல் வெளிவரும் இவற்றுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: ஒருமுறை வெளியானதைத் திருத்தவே மாட்டார்கள். விதி மாறினால் புது எண்ணில் புது ஆவணம் எழுதுவார்கள். பழையது தன் எண்ணோடு அப்படியே கிடக்கும். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்.டி.டி.பி. முறைக்கு 1999இல் வந்தது 2616. 2014இல் அதை 7230 முதல் 7235 வரை ஆறாகப் பிரித்து எழுதினார்கள். 2022 ஜூனில் 9110 வந்து அவற்றில் பலவற்றின் இடத்தைப் பிடித்தது.

எண் மாறினால் என்ன, விஷயம் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஒன்றல்ல. ஒரு பக்கத்தைக் கேட்டு வருகிறவரை வேறு பக்கத்துக்கு அனுப்பும்போது, சர்வர் 'லொகேஷன்' என்ற வரியில் போகவேண்டிய முகவரியைச் சொல்லும். 2616இன் 14.30ஆம் பிரிவு, தளத்தின் பெயரோடு முழு முகவரியும் வேண்டும் என்றது. ஜாங்கோ அதற்குக் கட்டுப்பட்டு, நாம் சின்ன முகவரி கொடுத்தாலும் தளத்தின் பெயரை ஒட்டியே அனுப்பியது. பிரவுசர்களோ சின்ன முகவரியையும் ஏற்றுக்கொண்டிருந்தன. 2014இல் 7231 அந்த நடைமுறையை ஒப்புக்கொண்டு விதியைத் தளர்த்தியது. 2015 டிசம்பரில் வந்த ஜாங்கோ 1.9 பெயரை ஒட்டும் வேலையை விட்டது. இன்றைக்கு ஒருவர் 2616ஐத் திறந்து படித்தால், எப்போதோ தளர்ந்துபோன விதிக்காகத் தன் நிரலை வளைத்து எழுதுவார்.

செத்த லிங்க்கைக் கண்டுபிடிப்பது எளிது. ஜாங்கோவின் டாக்குமென்டேஷனைத் தொகுக்கும் ஸ்ஃபின்க்ஸ் என்ற கருவியிலேயே அதற்கொரு சோதனை உண்டு. எல்லா லிங்க்கையும் தட்டிப் பார்த்து, திறக்காததைச் சொல்லிவிடும். நீக்கப்பட்ட கட்டளையும் அப்படித்தான். பழைய பாடங்களில் வரும் 'யுஆர்எல்' என்ற ஃபங்ஷன் 2021இல் வந்த ஜாங்கோ 4.0இலிருந்து கிடையாது, எழுதி ஓட்டிய உடனே எரர் வந்துவிடும். ஆனால் 2616இன் லிங்க் இன்றும் அழகாகத் திறக்கும். சோதனைக் கருவி 'சரி' என்றே சொல்லும். திறக்காத லிங்க்கைவிட இப்படித் திறக்கிற லிங்க்தான் ஆபத்தானது.

ஆகவே மனிதர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். எண்ணை மட்டும் தேடி மாற்றினால் போதாது, பிரிவு எண்ணும் இடம் மாறியிருக்கும். 'லொகேஷன்' பற்றிய 14.30ஆம் பிரிவு, 7231இல் 7.1.2 ஆனது, 9110இல் அதுவே 10.2.2. ஒவ்வொரு இடத்திலும் பழைய பத்தியையும் புதிய பத்தியையும் பக்கத்தில் வைத்து, டாக்குமென்டேஷன் சொல்லும் வாக்கியம் புதிய விதிக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். பொருந்தாவிட்டால் வாக்கியத்தையே மாற்றி எழுதவேண்டும். ஒரு வரித் திருத்தத்துக்கு இரண்டு ஆவணங்களைப் படிக்கிற இந்தப் பொறுமை, புதிய வசதி எழுதுவதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

எதைத் தொடக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பதிப்போடும் வரும் வெளியீட்டுக் குறிப்பு, அந்த நாளில் என்ன மாறியது, ஏன் மாறியது என்பதன் பதிவு. முகவரியில் தளத்தின் பெயரை ஒட்டுவதை ஏன் விட்டோம் என்று 1.9இன் குறிப்பு விளக்குகிறது: 1999இன் 2616 அப்படிச் சொன்னது, 2014இன் 7231 வேறு மாதிரி சொன்னது என்று. அங்கே பழைய எண்களை அழித்து 9110 என்று எழுதினால், 2015இல் நடந்த மாற்றத்துக்கு 2022இல் பிறந்த ஆவணம் காரணமாகிவிடும்.