உறைக்குள் எவ்வளவு?

ஒரு துண்டுத் தாளில் 8 + 4 = □ + 5 என்று எழுதி, ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். பல பிள்ளைகள் யோசிக்காமல் கட்டத்துக்குள் 12 என்று எழுதிவிடுவார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். 1999-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தார்கள். அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றே எழுதினார்கள். சரியான விடை 7.

அவர்களுக்குக் கூட்டத் தெரியும். சமக்குறியைத்தான் தவறாகப் படித்தார்கள். ஆண்டுக்கணக்காக இடப்பக்கம் கணக்கும் வலப்பக்கம் விடையுமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் குறி 'விடையை எழுது' என்றே தெரிகிறது. 1557-இல் அதைத் தம் நூலில் முதன்முதலாக அச்சேற்றிய வேல்ஸ் நாட்டு ராபர்ட் ரெக்கார்டு, இரண்டு இணைகோடுகளைப் போல ஒன்றுக்கொன்று சமமானது வேறில்லை என்பதால் அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். இரு பக்கமும் சமம். அது மனத்தில் பதியாத பிள்ளைக்கு இயற்கணிதம் மந்திரம் போலத்தான் இருக்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதோடு இன்னொரு சுமையும் சேர்கிறது. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியிலோ கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியிலோ ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளை, அடுத்து இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் உட்காருகிறது. அங்கே கணிதம் பெரும்பாலும் மலாயில் நடக்கும். சமன்பாடு 'பெர்சாமாஆன்' ஆகிவிடும்; மாறி 'பெம்போலே உபா' ஆகிவிடும். கருத்தும் புதிது, சொல்லும் புதிது. இந்த நிலையில் தடுமாறும் பிள்ளையை 'கணக்கு வராது' என்று ஒதுக்குவது பெரிய அநியாயம்.

அதே மலாயில் ஓர் அருமையான சொல்லும் இருக்கிறது: 'அனு'. பெயர் நாவில் வராதபோது நாம் 'அந்த இது' என்போமே, அதுபோல மலாயில் 'அனு' என்பார்கள். மலாய்க் கணிதப் பாடத்தில் தெரியாத எண்ணுக்கும் அதுதான் பெயர். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் தெரியாத எண்களைக் கருப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரால் அழைத்தார். எக்ஸ் என்று எழுதும் வழக்கத்துக்கு முன்பே இந்த யோசனை இருந்தது என்று பிள்ளையிடம் சொன்னால் பாதி பயம் போகும்.

பிள்ளை பின்தங்கினால் பெற்றோர் டியூஷன் தேடுகிறார்கள். 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்றவை இந்திய மாணவர்களுக்காகவே வகுப்பு நடத்தி வருகின்றன. அதற்குப் போகும் பிள்ளைக்கும் வீட்டில் பத்து நிமிடம் தேவை. தீபாவளிக்கு வந்த அங்பாவ் உறைகள் மூன்றை எடுத்து, மூன்றிலும் ஒரே அளவு பணம் வைத்து மூடுங்கள். பக்கத்தில் 2 ரிங்கிட் வையுங்கள். மொத்தம் 11 ரிங்கிட் என்று மட்டும் சொல்லுங்கள். ஓர் உறைக்குள் எவ்வளவு?

ஓர் உறையில் உள்ள தொகையை 'ப' என்று வைத்தால், 3ப + 2 = 11. 'ப' என்பது உறை அன்று, உள்ளே இருக்கும் ரிங்கிட்டின் எண்ணிக்கை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். டுரியானுக்கு 'டு' என்று எழுதும் பிள்ளை அதைப் பழமாகவே நினைத்துவிடும். அங்கே வேண்டியது பழத்தின் விலை.

எதை முதலில் நீக்குவது? இங்கேதான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று மனப்பாடம் செய்தவர்கள் 3ப = 9 வரை வந்துவிட்டு, 9-இலிருந்து 3-ஐக் கழித்து 6 என்கிறார்கள். அவர்களுக்குக் கொம்யூட்டர் ரயில் உதவும். கிள்ளானில் ஏறினால் ஷா ஆலம், சுபாங் ஜெயா, பிறகு கேஎல் சென்ட்ரல். திரும்பும்போது ஷா ஆலத்துக்கு முன்பே சுபாங் ஜெயா வந்துவிடும். 'ப' பயணம் செய்தபோது முதலில் 3 ஆல் பெருக்கினோம், பிறகு 2 கூட்டினோம். திரும்பும் வழியில் முதலில் 2-ஐக் கழிக்க வேண்டும், பிறகு 3 ஆல் வகுக்க வேண்டும். விடை 3. படிவம் ஒன்று பாடத்திட்டம் நேரியல் சமன்பாட்டுக்குச் சொல்லும் மூன்று வழிகளில் இந்தத் திரும்பிச் செல்லும் வழியும் ஒன்று. மற்ற இரண்டு, எண்களை வைத்து முயன்று பார்ப்பதும் இரு பக்கச் சமத்தைக் காப்பதும்.

மூன்றும் தேவைதான். 3ப + 2 = ப + 8 என்று வந்தால் ரயில் நின்றுவிடும்; தெரியாத எண் இரு பக்கமும் இருப்பதால் எங்கிருந்து திரும்புவது என்றே தெரியாது. அதே அளவு பணம் வைத்த இன்னோர் உறையையும் சேர்த்து, உறைகளை மேசையில் பரப்புங்கள்: ஒரு பக்கம் மூன்று உறையும் 2 ரிங்கிட்டும், மறுபக்கம் ஓர் உறையும் 8 ரிங்கிட்டும். பக்கத்துக்கு ஓர் உறையைப் பிள்ளையே எடுக்கட்டும். பிறகு பக்கத்துக்கு 2 ரிங்கிட். மீதி ஒரு பக்கம் இரண்டு உறை, மறுபக்கம் 6 ரிங்கிட்; ஆக, ஓர் உறைக்குள் 3.

எடுத்ததையெல்லாம் திரும்ப வைத்து, உறைகளைப் பிரித்து எண்ணச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் 11, அந்தப் பக்கமும் 11.