பசியை அடக்கும் மரபணு: பிள்ளையைக் குறை சொல்லும் முன்...

ஒரு பிள்ளை வயதுக்கு மீறிப் பருத்திருந்தால் நாம் முதலில் குறை சொல்வது அதன் தாயைத்தான். "கேட்டதையெல்லாம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்போம். எல்லா நேரத்திலும் அது உண்மையல்ல.

நம் உடலில் உள்ள கொழுப்புத் திசு 'லெப்டின்' என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது இரத்தத்தில் கலந்து மூளையை அடைந்து, "சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது" என்று செய்தி சொல்கிறது. உடனே பசி குறைகிறது. இந்தப் புரதத்தைத் தயாரிக்கும் மரபணு 7-வது குரோமோசோமில் உள்ளது. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழுவினர் 1994-ல் இதைக் கண்டுபிடித்தனர்.

1997-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினர். பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். 8 வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. அவளுடைய உறவுக்காரச் சிறுவனுக்கு 2 வயதிலேயே 29 கிலோ. பிறந்தபோது இருவரும் சாதாரண எடையில்தான் இருந்தனர். சில மாதங்களிலேயே அடங்காத பசி தொடங்கியது. சோதித்தபோது லெப்டின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. "போதும்" என்ற செய்தி அவர்களுடைய மூளைக்குப் போகவே இல்லை.

அச்சிறுமிக்குத் தினமும் லெப்டின் ஊசி போடப்பட்டது. பசி அடங்கியது. ஓராண்டில் 16 கிலோ குறைந்தாள். அவளிடம் இல்லாதது கட்டுப்பாடு அல்ல, ஒரு புரதம்.

இந்தக் குறைபாடு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் ஏற்படும். நெருங்கிய உறவில் மணம் முடித்தவர்கள் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம். அப்படிச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. உறவுக்குள் சம்பந்தம் பேசும் நம் குடும்பங்கள், பரம்பரை நோய் இருந்தால் அதை மறைக்காமல் மரபியல் மருத்துவரிடம் ஆலோசனை பெறுவது நல்லது.

ஒன்றை மறக்க வேண்டாம். இது மிக அரிதான குறைபாடு. பருமனான பெரும்பாலோரின் இரத்தத்தில் லெப்டின் அதிகமாகவே இருக்கிறது. அவர்களுக்கு ஊசி பயன் தராது. லெப்டினை மாத்திரையாக விழுங்கினாலும் வயிற்றில் செரித்துப் போகும். ஆகவே விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

கைக்குழந்தைப் பருவத்திலேயே எடை வேகமாக ஏறி, பசியும் அடங்காமல் இருந்தால், பிள்ளையைத் திட்டாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுவோம்.