அடக்கமும் அவையச்சமும்

மாணாக்கன் ஒருவன் பள்ளியை விட்டு நீங்குங்கால் அவனுக்கு வழங்கும் நற்சான்றுப் பத்திரத்தில் ஆசிரியராகிய நாம் தயங்காது எழுதிவிடும் சொல் ஒன்று உண்டு. 'அடக்கமுள்ளவன்' என்பது அது. பல்லாண்டுகளாக யானும் அச்சொல்லை எழுதிவந்தேன். அவற்றுள் எத்தனை மெய், எத்தனை பொய் என்று இன்று எண்ணுங்கால் மனம் கூசுகின்றது.

அடக்கம் வேறு, அவையச்சம் வேறு. இரண்டும் வாய்திறவாமை என்னும் ஒரே கோலம் பூண்டு வருதலின், ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் எளிது. கட்டைபறிச்சானில் வாழும் எமக்கு இதனை விளக்க உவமை தொலைவில் இல்லை. கொட்டியாரக் குடாவின் அப்பால் திருகோணமலைத் துறைமுகத்து நீர் அமைதியாயிருக்கின்றது. அஃது ஆழத்தால் வந்த அமைதி. மழை ஓய்ந்த காலத்தில் மணல்திட்டு வாயை அடைத்துக்கொள்ள, கீழ்க்கரைக் கழிகள் சிலவற்றின் நீரும் அசைவற்றுக் கிடக்கின்றது. அது வழியின்மையால் வந்த அமைதி.

வள்ளுவர் இவ்விரண்டையும் ஒருங்கு வைத்தாரல்லர். அடக்கமுடைமையை அறத்துப்பாலில் 13ஆம் அதிகாரமாக அமைத்தார். அவையஞ்சாமையைப் பொருட்பாலில் 73ஆம் அதிகாரமாக வைத்தார். அடக்கத்துக்கு அவர் காட்டும் உவமை ஆமை. வேண்டியபோது உறுப்புகளை உள்ளிழுக்கும் ஆமை, வேண்டியபோது அவற்றை நீட்டவும் வல்லது. அவையஞ்சுவார் கற்ற நூலையோ, வீரமிலார் கைவாளோடு ஒப்பிடுகின்றார். ஆமையின் செயல் தன்வயத்தது. தொட்டாற்சுருங்கியின் செயல் தன்வயத்ததன்று. அடக்கமுடையான் பேச வல்லவன், பேசாமையை விரும்பித் தெரிகின்றான். அவையஞ்சுவான் பேச விரும்புகின்றான், ஆற்றாமற் போகின்றான். இனி, 102ஆம் அதிகாரமாகிய நாணுடைமையோ தகாத செயலுக்கு நாணுதலைக் கூறுவது. நாலுபேர் முன் பேசக் கூசுதலை அன்று.

மேலைநாட்டு உளநூலாரும் இவ்வேறுபாட்டைக் கண்டனர். அகமுக இயல்பு, புறமுக இயல்பு என்னும் பாகுபாட்டை யுங் என்பார் 1921இல் வெளியிட்ட நூலில் விரித்தார். கூச்சம் என்பது கூட்டுறவில் விருப்பக் குறைவு அன்று, தனியான வேறோர் இயல்பு என்பதைச் சீக், பஸ் என்னும் அறிஞர் இருவர் 1981இல் ஆய்ந்து காட்டினர். பிறரோடு கூடியிருக்க விரும்பியும் கூச்சத்தால் தடைப்படுவாரே உரையாடலிற் பெரிதும் இடர்ப்பட்டனர் என்பது அவர் கண்ட முடிபு.

காந்தியடிகள் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. 1891இல் சட்டம் பயின்று தாயகம் மீண்ட அவர், பம்பாயிற் சிறு வழக்குமன்றில் முதல் வழக்கிற் சாட்சியை வினவ எழுந்தார், தலை சுழன்றது, ஒரு வினாவும் எழவில்லை. அமர்ந்துவிட்டார், வாங்கிய முப்பது ரூபாவையும் திருப்பிக்கொள்ளுமாறு கூறினார். அன்று அவரிடம் இருந்தது அடக்கமன்று, அச்சமே. ஆயின் 1893இல், தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா நகரில், அங்கு வாழ்ந்த இந்தியரைக் கூட்டி அவர்தம் நிலை குறித்துப் பேசினார். பிறர்பொருட்டுச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று வாய்த்ததும் நா இயங்கியது. பிற்காலத்தில் அவர் திங்கட்கிழமைதோறும் மேற்கொண்ட மௌனமோ, பேசவல்லார் ஒருவரின் மௌனம், அதுவே அடக்கம்.

இனி என் பிழையைச் சொல்லுகின்றேன். வகுப்பின் கடைசி வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் எதனையும் வினவியதில்லை. "இவனைப் பாருங்கள், அடக்கம் என்றால் இதுதான்" என்று பலகாலும் பிறர்க்கு அவனை எடுத்துக்காட்டினேன். ஒருநாள் மாலை கடற்கரையிற் கரைவலை இழுப்பார் நடுவே அம்பாப் பாடல் கேட்டது. முன்னின்று அடியெடுத்துப் பாடியவன் அவனே; முதியோர் பின்தொடர்ந்து பாடினர். மறுநாள் தனியே அழைத்து, வகுப்பில் ஏன் வாய்திறப்பதில்லை என்றேன். நெடுநேரம் நின்று சொன்னான்: "ஐயா, குற்றியலுகரம் எனக்குத் தொடக்கத்திலயே விளங்கேல்ல. அடக்கமான பிள்ளை எண்டு நீங்க சொன்ன பிறகு எப்பிடிக் கேள்வி கேக்கிறது?"

மணல்திட்டை உயர்த்தியவன் யானே என்பதை அன்று உணர்ந்தேன்.

இருவரையும் பிரித்தறிய யான் இப்போது கொள்ளும் வழிகள் எளியன. தனியே வினவினால் அடக்கமுடையான் அளவோடும் தெளிவோடும் விடை சொல்வான். பலர்முன் வினவினும் அவன் விடை மாறாது. அஞ்சுவானுக்கோ தனிமையிற் சொல் பிறக்கும். பலர்முன் வியர்வையே பிறக்கும். அவை கலைந்தபின் முன்னவன் அமைதியாய்ச் செல்வான். பின்னவன் சொல்லாமல் விட்டதை எண்ணி வருந்துவான்.

மருந்தும் வேறு வேறு. அஞ்சுவானை ஒருவர்முன், பின் ஐவர்முன், பின் அவைமுன் எனப் படிப்படியாகப் பேசச்செய்தல் வேண்டும். அடக்கமுடையானை வலிந்து மேடைக்கு இழுத்தல் வேண்டா. அவன் உரியகாலத்திற் பேசுவான்.

அம்மாணாக்கனுக்கு எழுதிய நற்சான்றில் 'அடக்கமுள்ளவன்' என்னும் சொல்லை இடவில்லை. 'வினவ வல்லவன்' என்று எழுதினேன். அதனை எழுதும் உரிமையை எனக்கு ஈந்தவன் அவனே.