புதுக்குழல் பழக்கும் நெறி

இரும்புத் தோசைக்கல்லை வாங்கிய அன்றே அதில் தோசை வார்ப்பவர் இல்லை. கழுவி, எண்ணெய் தடவி, சூடேற்றி, வெங்காயத்தால் தேய்த்துச் சில நாள் பழக்கிய பின்னரே கல் நம் கைக்கு இணங்கும். அமெரிக்காவில் இலக்குச் சுடுதலை விளையாட்டாகப் பயில்வோருள் பலர், ரைஃபிள் எனப்படும் புரித்துப்பாக்கிக்குப் புதுக்குழல் பொருத்தியதும் அதனையும் இவ்வாறே பழக்குகின்றனர். ஒருமுறை சுடுவர், குழலைத் துடைப்பர், மீண்டும் சுடுவர், மீண்டும் துடைப்பர். ஆயினும் இரண்டிற்கும் அடிப்படையில் வேற்றுமை உண்டு. கல்லில் எண்ணெய்ப் படலத்தைப் படியவிடுகிறோம். குழலிலோ செம்புப் படலத்தை அகற்றுகிறோம். இவ்வேலையை எத்தனை முறை செய்வது, எவ்வளவு செலவில் செய்வது, செய்யத்தான் வேண்டுமா என்னும் வினாக்களுக்கு விடை குழலின் அகத்தில் இருக்கிறது.

குழலின் அகம்

புரித்துப்பாக்கியின் உட்சுவர் வெறும் உருளை அன்று. நீளவாக்கில் மெல்லத் திருகிச் செல்லும் பள்ளங்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. பள்ளங்களுக்கு இடையே நிற்கும் மேடுகள், விரைந்து வரும் குண்டின் மேலுறையில் பதிந்து அதனைச் சுழற்றுகின்றன. .308 வின்செஸ்டர் வகைக் குழலில் எதிரெதிர் மேடுகளுக்கு இடையே 7.62 மி.மீ.; எதிரெதிர்ப் பள்ளங்களுக்கு இடையே 7.82 மி.மீ. பள்ளத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே. 25 செ.மீ. நீளத்திற்கு ஒரு சுற்று என அமைந்த குழலிலிருந்து நொடிக்கு 800 மீட்டர் விரைவில் வெளியேறும் குண்டு, நொடிக்கு 3,200 சுற்றுகள் சுழலும். பம்பரம் சாயாது நிற்பதுபோல, அச்சுழற்சியே குண்டின் முனையை நேரே நிறுத்துகிறது.

இச்சுழற்சியின் பயனை அறிவியல் நெறியில் ஆராய்ந்தவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ். ஊசலால் குண்டின் விரைவை அளக்கும் முறையை 1742இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். 1747இல் புரிக்குழலின் இயல்பைக் குறித்து இலண்டன் அரச கழகத்தின் முன் கட்டுரை வழங்கினார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க இந்தியா வந்த அவர், 1751இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் உயிர்நீத்தார். கைப்பழக்கமும் செவிவழிச் செய்தியுமாக இருந்த ஒரு துறையை அளவைக்கு உட்படுத்தியதே அவர் ஆற்றிய பெரும்பணி. புதுக்குழலைப் பழக்குவோர்க்கும் வேண்டுவது அதுவே.

மிடறும் செம்பும்

குழலுக்குப் புரியிடும் முறைகள் பல. ஒற்றை முனைக் கருவியால் பள்ளங்களை இழையிழையாகச் செதுக்குவது ஒன்று. கடினமான குமிழைக் குழலூடே இழுத்து அழுத்திப் பதிப்பது மற்றொன்று. உள்ளே அச்சுக்கோல் செருகிப் புறத்தே சம்மட்டிகளால் அடித்து உருவாக்குவது மூன்றாவது. உயர்தரக் குழல் செய்வோர் இதன்பின் ஈயக் கட்டியில் தேய்ப்புப் பொடி பூசி, குழலின் உள்ளே முன்னும் பின்னும் ஓட்டி மெருகேற்றுவர். அம்மெருகின் கீறல்கள் குண்டு செல்லும் திசையிலேயே அமைகின்றன.

ஆனால் வேலை அதனோடு முடிவதில்லை. தோட்டா அமரும் அறையையும், அவ்வறை புரியோடு சேரும் மிடற்றையும் பின்னர் ஒரு சுழல்வெட்டியால் குடைகின்றனர். அது சுழன்று வெட்டுவதால் மிடற்றில் விடும் நுண்கீறல்கள் குண்டின் பாதைக்குக் குறுக்கே கிடக்கின்றன. தேங்காய்த் துருவியின் பற்கள்போல அவை குண்டின் மேலுறையைச் சுரண்டும். அவ்வுறை பெரும்பாலும் 95 பங்கு செம்பும் 5 பங்கு துத்தநாகமும் கலந்த மென்மையான உலோகம். சுரண்டப்பட்ட செம்பு, கனல் வளியில் ஆவியும் துகளுமாகி முன்னே சென்று குழலின் சுவரில் படிகிறது என விஸ்கான்சின் மாநிலத்தில் குழல் செய்யும் கிரீகர் நிறுவனம் விளக்குகிறது. படிந்த செம்பின்மேல் அடுத்த குண்டு மேலும் செம்பைச் சேர்க்கும். படலம் சீரின்றித் தடிக்கும்போது இலக்கின் நேர்த்தி குன்றும்.

இதற்கான மருந்து இதே விளக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு குண்டும் மிடற்றின் குறுக்குக் கீறல்களைச் சிறிது மழுங்கச் செய்கிறது. அவற்றைச் செம்பு மூடிக்கொண்டால் அம்மழுக்கம் நிகழாது. ஆகவே தொடக்கத்தில் ஒவ்வொரு சுடுதலுக்குப் பின்னும் செம்பை அகற்றி, கீறலை அடுத்த குண்டிற்கு வெறுமையாகக் காட்ட வேண்டும். பழக்குதலின் கருத்து இவ்வளவே.

ஒருமுறையே புதிது

இதனை மறுப்போரும் உளர். அவருள் தேர்ந்த குழல் வினைஞரும் அடங்குவர். குழலின் வாழ்நாள் அளவுபட்டது. .308 போன்ற தோட்டாவுக்கு அது சில ஆயிரம் சுடுதல்கள். வெடிமருந்து மிகுதியாகவும் குழல் குறுகலாகவும் உள்ள தோட்டாக்களுக்கு அதனினும் மிகக் குறைவு. அவ்வாழ்நாளில் ஐம்பதைப் பழக்கத்திற்கே கொடுப்பது வீண் என்பதும், முறைதவறித் தேய்க்கும் துப்புரவுக் கோல் குண்டினும் மிகுந்த கேடு செய்யும் என்பதும் அவர் கூற்று. இரண்டும் புறந்தள்ளத் தக்கன அல்ல.

இவ்வழக்கு ஏன் தீரவில்லை என்பதற்கும் அறிவியலே விடை தருகிறது. ஒரு குழல் ஒருமுறையே புதிது. அதனைப் பழக்கியும் பழக்காமலும் சுட்டு ஒப்பிட இயலாது. வேறொரு குழலோடு ஒப்பிடலாம் எனின், ஒரே வெட்டியால் குடைந்த இரு குழல்களும் ஒன்றுபோல் அமைவதில்லை. பல குழல்களை எடுத்து, பாதியைப் பழக்கி, பாதியை விட்டு, அனைத்தையும் நெடுங்காலம் சுட்டு அளந்தாலன்றி உறுதியான தீர்ப்புக் கிடையாது. அத்தகைய ஆய்வின் செலவு தனிமனிதர் கைக்கு எட்டாதது. எனவே அவர் செய்யத்தக்கது ஒன்றே: பிறர் சொல்லிய எண்ணிக்கையைப் பின்பற்றாது, தம் குழல் காட்டும் சான்றைப் பின்பற்றுதல்.

நீலம் சொல்லும் செய்தி

அச்சான்றுக்குப் பொருட்செலவு மிகக் குறைவு. பழைய பருத்திச் சட்டையைச் சிறு சதுரங்களாக வெட்டினால் துணித்துண்டுகள் ஆயின. அம்மோனியா கலந்த செம்புக் கரைப்பான் ஒரு சிறு புட்டி போதும். காற்றிலுள்ள உயிர்வளி செம்பை அயனியாக்க, ஒவ்வோர் அயனியையும் நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் சூழ்ந்து ஆழ்ந்த நீலச் சேர்மம் ஆகின்றன. வெண்துணியில் தோன்றும் அந்நீலம், குழலில் செம்பு உண்டு என்பதற்குச் சான்று. பித்தளை முனையுடைய கோலும் வெண்கலத் தூரிகையும் தம் செம்பையே கரையவிட்டுப் பொய்ந்நீலம் காட்டும். ஆதலின் நைலான் தூரிகையும் நெகிழி முனையும் கொள்க.

வெடிமருந்து எரிந்து விடும் கரிப் படிவை நீக்க விலைமிகு நீர்மங்கள் வேண்டா. மண்ணெண்ணெய், தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி எண்ணெய், கனிமத் தெளிமம், அசிட்டோன் ஆகியவற்றைச் சம பங்கில் கலந்த கலவையை அமெரிக்கச் சுடுநர் நெடுங்காலமாக வீட்டிலேயே ஆக்கிக்கொள்கின்றனர். எளிதில் தீப்பற்றுவதாகலின் காற்றோட்டமுள்ள வெளியில், நெருப்புக்கு அப்பால் அதனைக் கையாளுக. அது செம்பைக் கரைக்காது. அதற்கு அம்மோனியாவே வேண்டும். ஆனால் அம்மோனியாவைக் குழலில் நெடுநேரம் தங்கவிடாது, புட்டியில் குறித்த நேரத்திற்குள் துடைத்தெடுத்து எண்ணெய் இடுக.

பணம் செலவிடத் தகும் இடம் ஒன்று உண்டு. இணைப்பில்லாத ஒற்றைக் கோலும், அது மிடற்றில் உரசாமல் காக்கும் வழிகாட்டிக் குழாயும் வாங்குக. துப்பாக்கி வெறுமையாக உள்ளதை உறுதிசெய்து, கோலைத் தோட்டா அறைப் பக்கமிருந்தே செலுத்துக. குழல்வாயின் விளிம்பு சிதைந்தால், குண்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் அதன் போக்குப் பிறழும்.

தோட்டாவையும் வீணாக்க வேண்டா. பழக்கும் சுடுதல்களையே குறிநோக்கியைச் சீர்செய்யும் சுடுதல்களாகக் கொள்க. வெற்றுக் கூடுகளைச் சேர்த்து வைப்பின், அதே அறையின் வடிவுக்கு விரிந்த அவை மறுநிரப்பலுக்கு உதவும். முதலில் ஒவ்வொன்றாகச் சுட்டுத் துடைத்து, நீலத்தின் அடர்வைக் குறித்து வருக. அது வெளிறத் தொடங்கினால் மும்மூன்றாகச் சுடுக. மேலும் வெளிறினால் பழக்கம் முடிந்தது. நன்கு மெருகேறிய குழல் ஐந்தாறு சுடுதல்களிலேயே அடங்கிவிடக் கூடும். உட்சுவரில் குரோமியம் பூசிய குழலின் கடினப் பரப்பைக் குண்டு எளிதில் மழுக்காது. அங்கு இம்முயற்சியால் பயன் மிகக் குறைவு. இருபது சுட்டும் நீலம் குறையாதெனின், பழக்கம் அதனைத் திருத்தப் போவதில்லை. இலக்கில் நேர்த்தி குன்றாதவரை அதனை அவ்வாறே ஏற்றுப் பயன்கொள்க.

ஒவ்வொரு துணித்துண்டையும் எறிந்துவிடாது, சுடுதலின் எண்ணைக் குறித்து ஒரு தாளில் வரிசையாக ஒட்டி வைப்போர், தம் குழலின் வரலாற்றைத் தாமே எழுதியவர் ஆவர். நீலத்தில் தொடங்கும் அவ்வரிசை எந்தத் துண்டில் வெண்மையை நெருங்குகிறதோ, அங்கே கோலைக் கீழே வைக்கலாம்.